பஞ்சவர்ணம் பாடிய பக்கம்

கிருஷாந்த் என்ற அந்தப் பையன் ரேடியோவில் பேசியதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிச் சாக்கடைக் கானில் எறிந்திருப்பேன். மருமகள் வாங்கிய பெட்டி என்பதால் விட்டேன்.

“பொப்பிசைப் பாடகர் உதயராஜின் கடைசி கேசட் ஏன் தோற்றது? அதைக் கேட்கிற ரசனை அன்று நம் மக்களிடம் இருக்கவில்லை” என்றான். ரசனையாம், மண்ணாங்கட்டி! அந்தக் கேசட் என்னால் தோற்றது. கேசட்டோடு போயிருந்தால் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் அதோடு சேர்த்துப் பஞ்சவர்ணம் என்ற மனுஷியையும் நாசமாக்கினேன். அவளைப் பற்றித்தான் சொல்கிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் கேட்க வேண்டாம்.

நான் யோகராஜ். ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில், தேர்தல் எல்லாவற்றுக்கும் நான்தான். பஞ்சவர்ணம் ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அதனால் அக்கா என்பேன். கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. வாய் அதைவிடக் கெட்டி. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் முறை வந்தால் மற்றப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“கணக்கப்பிள்ளை ஐயா, தண்ணி தண்ணின்னு ரெண்டு கிலோ கழிக்கிறீங்களே, மழைய நானா பேஞ்சேன்?” என்பாள். அந்த மனுஷன் ஒரு கிலோவைத் திருப்பி எழுதிவிடுவார்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையது. அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும். தொண்ணூற்று ஒன்றில் அவளுடைய மூத்த மகன் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போய், மண் சரிந்து உள்ளேயே போய்விட்டான். அன்று அவள் வைத்த ஒப்பாரியைக் கேட்டு, பிரேதத்தைக் கொண்டுவந்த லொறியின் சிங்கள டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தேம்பினான். ஒரு சொல் விளங்கியிருக்காது அவனுக்கு.

இனி உதயராஜ். எங்கள் தோட்டத்தில் பிறந்து கொழும்புக்கு ஓடிப்போய், எழுபதுகளில் பெல்பொட்டமும் கிட்டாருமாகக் கலக்கியவர். அவர் பாட்டு இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு கல்யாண வீடு கிடையாது. தொண்ணூற்று மூன்றில் தலை நரைத்து, தொந்தி போட்டு, ஒரு ரெக்கோர்டரோடு தோட்டத்துக்கு வந்தார்.

“தம்பி, குதிக்கிற பாட்டு போதும். நம்ம சனத்தோட சத்தத்த வச்சு ஒரு கேசட் போடப் போறேன்” என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. குதிக்கிற பாட்டுக்குத்தானே இவரைக் கூப்பிடுகிறார்கள்! ஆனாலும் பெரிய ஆள், மைக் பிடிக்க என்னைக் கூப்பிட்டார், போனேன்.

பஞ்சவர்ணம் முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்பது எங்கள் சனத்தின் பயம். உதயராஜ் மூன்று நாள் நடையாய் நடந்தார். கடைசியில், “கூரைக்குக் கீழ பாட மாட்டேன். ஆத்தங்கரைக்கு வாங்க” என்றாள். ஆற்றங்கரையில் தெற்கே பார்த்து உட்கார்ந்து, செத்த மகனை நினைத்து இருபது நிமிடம் பாடினாள். மைக்கைப் பிடித்திருந்த என் கை மரத்துப்போனது. முடிந்ததும் தலையோடு ஆற்றில் முழுகி, ஈரச்சேலையோடு வந்து சொன்னாள்.

“இத சாவு வீட்டுல மட்டும் போடுங்க. கோயில் பக்கம் கொண்டு போயிறாதீங்க. சொல்லிட்டேன், யோகு.”

என் பெயரைச் சொல்லித்தான் சொன்னாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

‘ஆறாம் நம்பர் லயம்’ என்று பெயர் வைத்து அடுத்த வருஷம் பங்குனியில் கேசட் வந்தது. ஒரு பக்கம் உதயராஜ் பாட்டு. மறுபக்கம் முழுக்கப் பஞ்சவர்ணம். அட்டையில் அவள் பெயர் இல்லை, ‘ஒரு தாய்’ என்று மட்டும் போட்டிருந்தது. எங்கள் மாரியம்மன் திருவிழாவும் அதே மாதம். திருவிழா அன்று உதயராஜ் முதல் பிரதியைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“நான் பாடின இந்தப் பக்கத்த மட்டும் போடுங்க தம்பி. அது முடிஞ்சதும் எடுத்துருங்க.”

“சரிண்ணே” என்றேன். என்னிடம் அப்போது புது டெக் இருந்தது. ஒரு பக்கம் முடிந்தால், கேசட்டைத் திருப்பாமலே தானாக மறுபக்கம் பாடும். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பெருமை வேறு எனக்கு.

அன்று காலை என் கையிலும் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டினால் அம்மனுக்குச் சத்தியம் செய்த மாதிரி. கவிச்சி ஆகாது, குடி ஆகாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கவும் ஆகாது. கரகத்தை ஜோடித்துப் பாலித்து எடுத்துவரச் சனமெல்லாம் ஆற்றுக்குப் போயிருந்தது. நான் கேசட்டைப் போட்டுவிட்டு, தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் போய்க் கசிப்புக் குடித்தேன். ஆமாம், கையில் காப்போடு. ஒரு கிளாஸ்தான் என்று போனவன் மூன்றாவதில் இருந்தேன்.

அப்போதுதான் மரத்தில் கட்டியிருந்த ஹோர்னில் ஒப்பாரி கிளம்பியது.

கரகம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தப்புச் சத்தம் நின்றது. கரகம் தூக்கியவனுக்குக் கால் நடுங்கி, கரகம் சரிந்து, பூசாரி பாய்ந்து பிடித்தார். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் குரல் யாருடையது என்று ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. குரலுக்குச் சொந்தக்காரி தலையில் முளைப்பாரியோடு அவர்கள் நடுவில்தான் நின்றாள்.

நான் ஓடி வந்து வயரைப் பிடுங்கினேன். கோயில் கமிட்டித் தலைவர் காளிதாஸ் என் சட்டையைப் பிடித்தார். “எவன்டா போடச் சொன்னது?”

வாயைத் திறந்தால் நாறும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். “உதயராஜ் அண்ணன்தான் குடுத்தாரு. பஞ்சவர்ணம் அக்கா தன்னோட பாட்டையும் போடச் சொல்லிச்சு.”

இவ்வளவுதான். இரண்டு வசனம். நாக்கு அழுகியிருக்க வேண்டாமா? அழுகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

“நான் சொல்லலையே!” என்றாள் பஞ்சவர்ணம். ஒரு தரம்தான் சொன்னாள். அவ்வளவு வாய்க்காரி, அதற்கு மேல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காளிதாஸ் போய் அவள் தலையிலிருந்த முளைப்பாரியைத் தன் கையாலேயே இறக்கினார். உதயராஜ் ஏதோ சொல்ல வந்தார், கேட்க யாருக்குப் பொறுமை? அவர் வேனுக்குக் குடித்துப் போட்ட செவ்விளநீர்க் கோம்பையால் எறிந்து விரட்டினார்கள். நானும் ஒன்று எறிந்தேன்.

‘பீடை கேசட்’ என்ற பெயர் தோட்டம் தோட்டமாகப் பரவி, கொடகவெல வரைக்கும் போனது. ஓப்பநாயக்க டவுனில் கேசட் கடை வைத்திருந்த முக்தார் நானா ஐம்பது எடுத்திருந்தார். ஒன்றும் போகவில்லை. அழிக்க முடியாதபடி வைத்திருந்த ஓட்டையில் டேப் ஒட்டி, அதன் மேலேயே சினிமாப் பாட்டுப் பதிந்து விற்றார். உதயராஜை அதன் பிறகு எந்தத் தோட்டமும் கூப்பிடவில்லை. தொண்ணூற்று ஒன்பதில் கொழும்பில் செத்துப்போனதாகப் பேப்பரில் நாலு வரி வந்தது.

அந்த வருஷம் தோட்டத்தில் ஐந்து சாவு. பாம்பு கடித்தது, காய்ச்சல், பஸ் மோதியது, எல்லாம் பஞ்சவர்ணம் தலையில் விழுந்தது. கல்யாண வீட்டில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சாவு வீட்டுக்கும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்துவிடும். கொழுந்து மடுவத்தில் எத்தனை கிலோ கழித்தாலும் பேசாமல் போனாள். ஏழு வருஷம். இரண்டாயிரத்து ஒன்றில் செத்தாள். அவளுக்கு ஒப்பாரி எடுக்க ஒருத்தி வரவில்லை. தப்பு மட்டும் அடித்துக் கொண்டுபோனார்கள். கொடகவெலயில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு நான் வீட்டிலேயே படுத்திருந்தேன்.

கிருஷாந்த் வந்தது இரண்டாயிரத்து எட்டு கடைசியில். கொழும்பு ரேடியோக்காரன். இந்த யுத்த காலத்தில் ஐடென்டி கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இத்தனை செக்பொயின்ட் தாண்டி ஒரு பழைய கேசட்டுக்காக வருகிறானே, கிறுக்கன் என்று நினைத்தேன். முக்தார் நானா என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த முதல் பிரதி என்னிடம் இருந்தது. டெக்கிலிருந்து எடுத்து பிஸ்கட் டின்னில் மறைத்தது. எறியவும் பயம், போடவும் பயம்.

அவன் முன்னால் உட்கார்ந்துதான் முதல் தடவையாக இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டேன். நல்ல சங்கீதம் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டுக்குச் சனம் எழும்பிப் போகும், எதற்கு உட்காரும் என்று தெரியும். அது என் தொழில். அது உட்கார்கிற பாட்டு. வேலைக்குக் கூப்பிடுகிற விடியற்காலைப் பெரட்டுத் தப்பு, மடுவத்துச் சண்டை, பிள்ளை அழுகிற சத்தம், அதற்கு நடுவே உதயராஜின் உடைந்த குரல். இளமையில் பாடியது முழுக்க அதற்குப் பக்கத்தில் நிற்காது. மறுபக்கத்தில் பஞ்சவர்ணம் பாடப் பாட, அவர் கிட்டாரில் ஒரே ஒரு கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறார். அவள் மூச்செடுக்கும்போது அவரும் நிற்கிறார். இந்த மனுஷனுக்கா கோம்பையால் எறிந்தேன்!

“இவ்வளவு நல்ல கேசட், ஏன் அண்ணே ஓடல?” என்று கேட்டான். “யாருக்குத் தெரியும்” என்றேன்.

அவன் கேசட்டைக் கொப்பி பண்ணிக்கொண்டு போனான். அடுத்த மாதம் ரேடியோவில் அந்த ‘ரசனை’ப் பேச்சு. கூடவே பஞ்சவர்ணத்தின் ஒப்பாரியிலும் கொஞ்சம் போட்டான். மறுநாள் காலையிலேயே அவள் மகள் விஜயகலா வாசலில் நின்றாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிறவள்.

“அம்மாவோட சத்தம் உங்ககிட்டதான் இருந்துச்சா மாமா?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கசிப்பு, டெக், பொய், எல்லாம். அழுவாள், திட்டுவாள், அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

“அம்மாவுக்குத் தெரியும்” என்றாள். “நீங்க ஸ்டோருக்குப் பின்னால இருந்து குடிச்சுட்டு ஓடி வந்தத அம்மா பார்த்துச்சு. ‘அவன் கையில காப்பு இருந்துச்சுடி. சொன்னா அங்கனயே அடிச்சுக் கொன்னுருப்பானுங்க. அவன் பொண்டாட்டி வேற புள்ளத்தாச்சி’ன்னு சொல்லிச்சு. சாகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு.”

நான் நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். அன்று என் மனைவி வயிற்றில் இருந்தவன்தான் என் இளையவன்.

“என்னை மன்னிச்சிரு தாயி” என்றேன்.

“என்கிட்ட சொல்லாதீங்க. அன்னைக்கு மைக் செட்டுலதானே அம்மாவக் கெடுத்தீங்க? அதுலயே சொல்லுங்க.” அவ்வளவு சொல்லிவிட்டுக் கேசட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு ஹோர்ன் கட்டப் பொலிஸ் பர்மிட் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கிடைக்காவிட்டால் நல்லது என்றும் மனதுக்குள் ஒரு அற்ப ஆசை. கிடைத்தது. கரகம் பாலிக்கப் போகும் முன் சனம் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. நான் காப்புக் கட்டவில்லை. தொண்ணூற்று நாலுக்குப் பிறகு கட்டியதே இல்லை, அதை ஒருவரும் கவனித்ததும் இல்லை. மைக்கை எடுத்தேன். முப்பது வருஷமாக அதில் ‘ஹலோ, ஹலோ’ தவிர வேறெதுவும் பேசாதவன்.

“பஞ்சவர்ணம் அக்கா அந்தப் பாட்டப் போடச் சொல்லல. கோயில் பக்கமே கொண்டு போகாதன்னுதான் சொல்லிச்சு. நான் காப்போட குடிச்சுப்புட்டுக் கிடந்தேன். டெக்கு தானா மறுபக்கம் பாடிருச்சு. அடி விழும்னு பயந்து பழிய அது மேல போட்டேன்.”

கல்லோ கட்டையோ வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது காளிதாஸின் கை. இப்போதும் அவர்தான் தலைவர். கிழவராகிவிட்டார். என் தோளைத் தட்டினார்.

“சரி, விடுப்பா யோகு. பதினஞ்சு வருஷமாச்சு. மனுசன்னா தப்பு நடக்கத்தானே செய்யும். இப்பவாவது சொன்னியே, அதுக்கே பெரிய மனசு வேணும்.”

பின்னால் இரண்டு பேர் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! கோம்பையால் எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

விஜயகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காளிதாஸுக்கு நேரே நின்றாள்.

“தலைவரே, எங்கம்மாவுக்கு ஒருத்தராவது இந்த மாதிரி ‘விடு’ன்னு சொன்னீங்களா?”

என் கையிலிருந்த மைக் இன்னும் ஓனில்தான் இருந்தது. அவள் கேட்டது மரத்து ஹோர்ன் வழியாகத் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் போனது. காளிதாஸ் என்னைப் பார்த்து, மைக்கை நிறுத்து என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.