வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

என் மனைவியைச் சோம்பேறி என்று ஒரு வருஷம் ஏசியிருக்கிறேன். மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தால் படுத்துக் கிடப்பாள். யாருக்கும் குளிராத நேரத்தில் போர்வையைத் தேடுவாள். கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்து குளியலறைத் துவாரத்தை அடைக்கும். கேட்டால் உடம்பைக் காட்டி, "மேலுக்கு முடியல்ல" என்பாள். கோட்டாற்றுக் கடையில் காலையிலிருந்து நின்ற காலில் ஸ்கூட்டர் உதிரிச் சாமான் விற்றுவிட்டு வருகிறவனுக்கு எரிச்சல்தான் வந்தது. "ஒனக்கு மட்டுந்தான் மேலு உண்டுமா?" என்று கத்துவேன்.

கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது. வடசேரியில் இருந்த டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். எங்கள் முறை வந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். பிரேக் ஒயர் எந்தத் தட்டில் இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லி முடிப்பதற்குள் அவள் சீட்டோடு வெளியே வந்துவிட்டாள். தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. வேறு ஏதாவது சொன்னார்களா என்று நானும் கேட்கவில்லை.

மனசு உறுத்தியது. சீக்கு வந்தவளையல்லவா ஏசியிருக்கிறேன். இருபது வருஷமாக அடுப்புப் பக்கம் போகாதவன், மறுநாள் விடியலிலேயே எழுந்து, பால் விட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டுச் சாயா போட்டேன். ஒரு கையில் தம்ளர், மறு கையில் மாத்திரை. கட்டிலுக்கே கொண்டுபோனேன். அவள் தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுச் சாயாவைக் குடித்தாள். அன்று தொடங்கியது, ஒரு நாள் தவறவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு அளவு இறங்கவே இல்லை. மாத்திரையின் பலத்தைக் கூட்டினார்கள். அடுத்த முறையும் அதே கதை. எனக்குப் பொறுமை போய்விட்டது. முதலில் லேப்காரனை ஏசினேன், பிறகு மருந்துக்கடையை. மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, தைராய்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, வீட்டில் அதையும் நிறுத்தினேன். கிழங்கில்லாமல் மீன்குழம்பு சாப்பிட வேண்டிவந்த கோபமும் அவள் மேல்தான் இறங்கியது.

"ஏட்டி, மாத்திரைய நான் போன பிறவு துப்பிருகியா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை சண்டை போடுவதற்கென்றே அவளோடு உள்ளே போனேன். டாக்டரம்மா முடிவுத்தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மூளைக்கு அடியில் கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். கழுத்தில் இருக்கும் தைராய்டு வேலை செய்யாவிட்டால், செய் செய் என்று அது மேலேயிருந்து விரட்டுமாம். கீழே முடியாமல் கிடக்கக் கிடக்க விரட்டல் கூடிக்கொண்டே போகுமாம்.

"இந்த நம்பர் அந்த விரட்டலோட அளவுதான். மருந்து இவங்க ஒடம்புல சேரவே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. முடியாதவளை மேலும் மேலும் விரட்டுவதைத்தானே நானும் செய்துகொண்டிருந்தேன்.

"மாத்திரைய எப்படிப் போடுறாங்க?"

"நானேதான் குடுக்கேன் டாக்டர். கூடவே சாயாவும் போட்டுக் குடுக்கேன்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "சாயாவோடயா? வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடணும். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சாயா. இல்லன்னா மருந்து பிடிக்காது. மொத நாளே இவங்ககிட்ட சொன்னேனே."

பைக் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா? பிறவு ஏன் குடிச்ச?"

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "கலியாணம் ஆன நாள்ல இருந்து எனக்குன்னு நீங்க ஒண்ணும் போட்டுத் தந்ததில்லியே. வேண்டாம்னு சொன்னா, மறுநாள் போடமாட்டியளோன்னு பயந்துட்டேன்."

இப்போது விடியலில் தண்ணீர் கொண்டுபோகிறேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். அதுவரை நானும் சாயா குடிப்பதில்லை; தலை வலிக்கிறது. யாரை ஏசுவதென்றுதான் தெரியவில்லை.