சறுக்குமலை அடிவாரத்து மேடை

பனிச்சறுக்கு மலைக்குக் கோடையில் வேலை இல்லை. பனி உருகிப் புல் வந்துவிடும். ஆட்களை மேலே இழுத்துப் போகும் லிஃப்ற் கம்பிகள் காற்றில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஒஸ்லோவின் விளிம்பில் இருக்கும் அப்படியான ஒரு மலையில்தான் இன்றைக்குப் பெயர்பெற்ற பாட்டுக்காரர்கள் வந்து பாடுகிறார்கள். ரிக்கெற் விற்கத் தொடங்கிய அன்றே முடிந்துபோகிறது. அந்த மேடையின் முதல் பலகையை வைத்தவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சறுக்குக் கட்டையில் ஒருநாளும் ஏறி நிற்காதவன். இதை யார் மறந்தாலும் நான் சொல்லாமல் விடமாட்டேன்.

குளிர்காலத்தில் எனக்கு மலையடியில் வேலை. வரிசையில் வருகிறவர்களின் பின்புறத்தில் லிஃப்ற் கொக்கியைச் சரியாகப் பிடித்துவைத்து மேலே அனுப்ப வேண்டும். எத்தனை நோர்வேக்காரரை அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. என் கையால் போனவன் விழுந்ததில்லை. கோடையில் சக்கரங்களுக்குக் கிரீஸ் பூசுவேன், வேலிக்குப் பெயின்ற் அடிப்பேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு கோடை மாலையில் மலை உச்சியில் நின்று கிரீஸ் பூசிக்கொண்டிருந்தேன். கீழே புல்லில் அயலிலுள்ள ஒரு பாட்டுக்குழு பயிற்சிக்கு நின்றது. ஆட்கள் எறும்பளவில் தெரிந்தார்கள். பாட்டோ என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நடுவில் ஒருத்தி இருமியதுகூடக் கேட்டது. உடனே இறங்கிப் போய் எங்கள் மேலாளரிடம், இங்கே கச்சேரி வைத்தால் சனம் வரும் என்று சொன்னேன். அந்த யோசனை தனக்கு முதலே வந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். இருமல் கேட்டது எனக்குத்தான்.

முதல் கோடையில் மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாமான் இறக்கும் மரத்தட்டுகளை அடுக்கி மேலே பலகை அடித்தேன். அதே பாட்டுக்குழுதான் வந்து பாடியது. சனம் சரிவில் இருந்தது. சறுக்கு மலை அல்லவா? புல்லிலும் சறுக்கும். பாட்டு நடக்க நடக்க ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தார்கள். கோப்பிப் போத்தல்கள் உருண்டு மேடைக்கே வந்துவிட்டன. அடுத்த வருடம் சரிவுக்குக் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்து, கால் ஊன்றுவதற்கு வரிசை வரிசையாகப் படி செய்தேன். பனி விழுமுன் அவ்வளவையும் கிளப்பி எடுக்க வேண்டும், இளவேனிலில் மறுபடி பதிக்க வேண்டும். அதற்கடுத்த வருடம் மேடைக்குக் கூரை போட்டோம். போட்டோம் என்றால், ஏணியில் நின்றவன் நான்.

வேலை வளர வளர வீட்டில் என் இடம் குறைந்தது. பிள்ளைகள் இருவரும் பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டார்கள். முழங்கால் நோவால் மனைவியும் வேலையை விட்டிருந்தாள். வெஸ்ட்லியில் ரயில் வந்து முடியும் இடத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் அவள் நாள் முழுக்கத் தனியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனிலிருந்து அவளுடைய தங்கை ரெலிபோன் எடுப்பாள். கோயில் இருக்கிறது, கடை இருக்கிறது, கதைக்கச் சனம் இருக்கிறது என்பாள். எங்களவர்கள் பலர் அப்படித்தான் ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு மனைவி சொன்னாள்.

“பனிக்காலம் முழுக்க மலையோடை நிண்டியள். இப்ப வெயில் காலமும் மலையோ? பேசாமல் அந்த மலையையே கட்டியிருக்கலாம்.”

“நீர் ஒருக்கா வந்து பாருமன். நான் என்ன செய்து வைச்சிருக்கிறன் எண்டு தெரியும்.”

“எனக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே குளிருது. தங்கச்சிக்குப் பக்கத்து வீடு வாடகைக்கு வருதாம். ஆவணி பிறக்க நான் போறன். வாறதெண்டா வாங்கோ.”

கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சோற்றுக்குக் குழம்பு விட்டபடி சொன்னாள். அவள் போனால் நானும் போகத்தான் வேண்டும். போனால் மேடை இல்லை. போகாவிட்டால் அவள் இல்லை.

அந்தக் கிழமையே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “இந்தக் கோடை மேடை முழுக்க உன் பொறுப்பு. செய்வாயா?” என்று நோர்வீஜியனில் கேட்டார். நான் வருடக்கணக்காகக் காத்திருந்த கேள்வி. அவர்களின் பாஷையை நான் நன்றாகவே பேசுவேன். என்றாலும் மனம் குழம்பினால் வாயில் யாழ்ப்பாணம்தான் வரும். “ஓம்” என்றேன்.

எங்களுக்கு ஓம் என்றால் சம்மதம். நோர்வீஜியனிலும் அந்த ஒலியில் ஒரு சொல் உண்டு. நாங்கள் வந்தால், தந்தால் என்கிறோமே, அந்த ‘ஆல்’தான் அது. எங்களுக்கு வாலில் வருவது அவர்களுக்குத் தலையில் வரும். ஆக, நான் சம்மதம் சொல்ல, அவர் காதில் வெறும் ‘ஆல்’ விழுந்தது. மிச்சத்துக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம் வா?” என்று கேட்டார். எது நடந்தால் என்பது அதன் பொருள். எங்கள் காதுக்கு ‘ஓம், வா’ என்று யாரையோ கூப்பிடுவது போலிருக்கும்.

நிபந்தனை வைக்கலாம் என்ற நினைப்பே எனக்கு அதுவரை வந்ததில்லை. வா என்றதும் அவள் முகம்தான் வந்தது.

“என் மனைவியும் வந்தால்,” என்றேன். “லிஃப்ற் குடிலுக்குள் இருப்பாள். ஹீற்றர் போட வேண்டும்.”

“ஜூலையிலா?”

“ஜூலையிலும்தான்.”

மேலாளர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கோடையில் ஹீற்றர் கேட்ட முதல் ஆள் நான்தானாம். எதிலாவது முதல் ஆளாக இருப்பது நல்லதுதான்.

மலையடியில் லிஃப்ற்காரர் இருக்கும் அந்தக் குடிலைப் பற்றி மனைவியிடம் சொன்னேன். “ஒருக்காத்தான் வருவன். குளிர்ந்தா எழும்பிப் போயிடுவன்,” என்றாள். வரும்போது பனிக்காலத்துக் கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை. சுற்றிலும் நோர்வேச் சனம் அரைக்கைச் சட்டையோடு புல்லில் கிடந்தது. அவள் குடிலுக்குள் ஹீற்றரின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தாள். குடில் மேடைக்குப் பக்கத்தில்தான். நான் மேடை ஓரத்தில் நின்றேன். அன்றைக்கு யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்று கேட்காதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது குடில் ஜன்னலைத்தான்.

வெயில் மலைக்குப் பின்னால் போனதும் சரிவிலிருந்து குளிர் இறங்கியது. வெளிச்சம் அப்படியே இருக்கும், குளிர் மட்டும் வரும். முன்வரிசையில் ஒரு வயதான பெண் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கதிரையை விட்டு எழுந்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். குடில் கதவு திறந்தது. பனிக்காலத்தில் விழுந்து அடிபடுகிறவர்களுக்கென்று அங்கே அடுக்கியிருந்த கம்பளிப் போர்வைகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

முன்பின் தெரியாத ஆளை இங்கே யாரும் தொடுவதில்லை. என் மனைவி கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணின் தோளில் போர்வையைப் போட்டு, முதுகுப் பக்கம் இழுத்து, ஓரத்தை அவளுக்குக் கீழே செருகிவிட்டாள். காய்ச்சலில் கிடந்த எங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததுபோலவே. அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்தபடியே மிச்சப் பாட்டைக் கேட்டாள். அதைப் பார்த்துப் பின்வரிசைகளில் கைகள் உயர்ந்தன. போர்வை எல்லாம் முடிந்து, அவளுடைய சால்வையும் யாரோ ஒருத்தியின் காலில் கிடந்தது. ஆளில்லாத குடிலுக்குள் ஹீற்றர் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது.

ரயிலில் வரும்போது அவளே தொடங்கினாள்.

“அந்தச் சனத்துக்கு அறிவில்லையே? வெறும் மேலோடை வந்திருக்குதுகள்.”

“பழக்கம்.”

“என்ன பழக்கம்? அந்த மனிசியின்ரை கை ஐஸ் மாதிரி. போர்வை காணாது, இன்னும் வாங்கச் சொல்லுங்கோ.”

 

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நான் கூப்பிடாமலே வந்தாள். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவள் தங்கையோடு கதைப்பது கேட்டது.

“இப்ப வீடு பாக்க வரேலாதடி. சனிக்கிழமையிலை எனக்குக் கச்சேரி... அத்தானோ? அத்தான் பலகை அடிக்கிறவர். சனத்தைப் பாக்கிறது முழுக்க நான். நானில்லாட்டி அங்கை ஒண்டும் நடவாது... ஆவணியோ? எடியே, ஆவணியிலைதான் பெரிய கச்சேரியே இருக்கு. அந்த வீட்டை ஆருக்காவது குடுக்கச் சொல்லு.”

பலகை அடிக்கிறவராம்! யோசனை என்னுடையது, படி என்னுடையது, கூரை என்னுடையது.  வெங்காயத்தைக் குனிந்து வெட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, எங்கடை மலையிலை எவ்வளவு சனம் இருக்கலாம்? இவள் கேக்கிறாள்.”

“நீர் சொல்லுறதுதான் கணக்கு,” என்றேன்.

நானே சொல்லத் துணியாத ஒரு தொகையை அவள் லண்டனுக்குச் சொன்னாள்.