நாக்கில் பச்சை

மாங்குளம் சந்தியில் காலை ஆறு மணிக்கே என் தங்கச்சியின் இலைக்கஞ்சிக் கடைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு தகரக் கூரை, ஒரு காஸ் அடுப்பு, இரண்டு பானை. பஸ் சாரதிகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்களும் பேணியைக் கையில் ஏந்தி, பனங்கட்டியில் ஒரு கடி, கஞ்சியில் ஒரு மிடறு என்று நின்று குடிப்பார்கள். நான் பின்னால் இருந்து தேங்காய் துருவுவேன்.

"தங்கச்சி, தொண்டை கரகரக்குது."

"நாளைக்கு வாங்கோ அண்ணை, தூதுவளை போடுறன். இண்டைக்கு வல்லாரை."

"எனக்கு முழங்கால் பிள்ளை. படியேற ஏலாமல் கிடக்கு."

"முடக்கொத்தான் வியாழக்கிழமை அம்மா. அதுக்காகக் கிளினிக்கில தந்த குளிசையை விழுங்காமல் விட்டுப்போடாதேங்கோ."

நான் வவுனியா கம்பஸில் நான்கு வருடம் உயிரியல் படித்தவன். இந்த மூன்று இலைகளுக்கும் விஞ்ஞானப் பெயர் சொல்லுவேன், குடும்பம் சொல்லுவேன். ஒருவரும் கேட்டதில்லை. பட்டத்தோடு வந்து, அரசாங்க வேலை நியமனம் வரும் என்று காத்திருப்பது இது இரண்டாவது வருடம். அவள் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டு நின்றவள். அவளைத்தான் கேட்கிறார்கள். அவள் பகிடிக்குச் சனம் சிரிக்கும்போதெல்லாம் என் கை தன்பாட்டில் அழுத்தும்.

"அண்ணா, சிரட்டையையும் சேர்த்துத் துருவுறியோ?" என்பாள். அதற்கும் சிரிப்பு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவள் வல்லாரையை விற்கும் விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. "எங்கட அண்ணாவைப் பாருங்கோ. வல்லாரை குடிச்சுத்தான் கம்பஸ் போனவர்." எல்லாத் தலையும் திரும்பும். கையெல்லாம் தேங்காய்ப்பூவோடு நான் நிற்பேன், கடை வாசலில் கட்டித் தொங்கவிட்ட வாழைக்குலை போல.

அவள் சொன்னது பொய். அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்கள். நான் படிக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவவென்று அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி வல்லாரைதான். வாய்க்கால் கரையில் முழங்கால் நனைய அதைப் பிடுங்கி வருவது தங்கச்சி. அம்மா இடித்துப் பிழிந்தால் ஒரு பேணிக்குத்தான் சாறு வரும். வீட்டில் இருந்த ஒரு சைக்கிளைப் போல அதுவும் எனக்குத்தான். ஆனால் அந்தக் கசப்பு என் தொண்டையில் இறங்காது. கிணற்றடிக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பேன். மூச்சு விடாமல் குடிப்பாள். அடியில் மிஞ்சியதை நான் விரலால் தொட்டு நாக்கில் பூசிக்கொள்வேன். அவள் பச்சை போகக் கரியால் பல்லைத் தீட்டி வாய் கொப்பளிப்பாள்.

"நாக்கைக் காட்டு," என்பா அம்மா. பச்சையைக் கண்டதும் அவவின் முகம் மலரும்.

போன மாதம் ஒரு நாள், புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகும் மகனுக்காக ஒரு பெண் வந்தா. தங்கச்சி வழக்கம்போல என்னைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற சாரதி விடவில்லை.

"கம்பஸ் போனவர் எண்டுறாய், பிறகேன் தேங்காய் துருவுறார்? வல்லாரை பாதியில நிண்டுபோச்சோ?"

சனம் சிரித்தது. தங்கச்சியும் சிரித்தாள். ஒரு சொல் சொன்னால் அவள் பானை அப்படியே நிறைந்து கிடக்கும் என்று தெரிந்துதான் எழும்பினேன்.

"நான் ஒருநாளும் குடிக்கேல்லை," என்றேன். "எல்லாம் பொய்."

அந்தப் பெண் பேணியைக் கீழே வைத்தா. "அப்ப ஆர் குடிச்சது?"

"இவள்தான். என்ரை பங்கு முழுக்க இவள்தான் குடிச்சவள்." கள்ளனைப் பிடித்துக் கொடுப்பவன் போல விரலை நீட்டினேன்.

சாரதி தங்கச்சியையே பார்த்தார். "அதுதானே பார்த்தன்! ஆருக்கு எந்த வருத்தம், எந்த இலை, எந்தக் கிழமை எண்டு ஒரு கொப்பியிலயும் எழுதி வைக்காமல் சொல்லுறாள். உது வல்லாரையேதான். எனக்கு இன்னொண்டு ஊத்து பிள்ளை."

"மகனுக்கு ஒரு போத்தலில தாங்கோ," என்றா அந்தப் பெண். ஏழு மணிக்கு முன்னரே பானை அடிதட்டிவிட்டது.

தங்கச்சி மட்டும் அதன் பிறகு சிரிக்கவில்லை. ஆட்கள் போனதும் கேட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"உண்மைதானே."

"உண்மை எனக்குத் தெரியாதே? ஓ.எல். ஓட நிண்டவள் குடிச்ச இலையெண்டு முதல் நாளே சொல்லியிருந்தால் ஆர் வாங்கியிருப்பினம்?"

நான் தேங்காய்ப்பூ ஒட்டிய கையைத் துடைத்தேன்.

"உனக்கு என்னில எரிச்சல்," என்றாள். "எனக்கும் இருந்தது. நீ சைக்கிளில ஏறிப் போகேக்கை, ஒவ்வொரு நாளும். வேற என்னத்துக்கு உன்ரை பேணியை வாங்கிக் குடிச்சனான்? ருசியெண்டே நினைச்சனீ?"

பானையைச் சரித்து, வழித்து, அரைப் பேணி ஊற்றி என் முன்னால் நீட்டினாள். பனங்கட்டி தரவில்லை. கஞ்சியில் தேங்காய்ப்பால் இருந்தது. ஆனாலும் அந்தப் பழைய கசப்பு அடியில் அப்படியே இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவள் கைகளை இடுப்பில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாக்கைக் காட்டு," என்றாள்.

காட்டினேன்.