வாங்கிக்கொள்ள ஒரு கை

முப்பது வயதைத் தாண்டிய என் மகளுக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றுதான். கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், அவளைப் போல மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக நடந்த பகல்நேர மையத்தில் கற்றது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பந்தைக் கைமாற்ற வேண்டும். வாங்கு, பக்கத்து ஆளுக்குக் கொடு, அவ்வளவுதான். விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர் அந்த விளையாட்டையே வேலையாக்கினாள். பந்துக்குப் பதில் கடலைமிட்டாய். என் மகள் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், அடுத்தவன் கவரில் போடுவான், அதற்கடுத்தவள் ஒட்டுவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் கையில் வெல்ல வாசம் அடிக்கும். அதை மோந்து பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

போன வருஷம் மையத்தை மூடிவிட்டார்கள். உதவி செய்துவந்தவர்கள் கையை விரித்துவிட்டார்களாம். தெய்வக் குழந்தை என்று அவள் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தரும் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை.

நடையாய் நடந்து ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் அவளைச் சேர்த்தேன். மற்ற பெண்களின் வேகத்துக்கு இவள் இடைஞ்சல் என்று மூலையில் தனிப் பலகை போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானம் சோறு கொண்டுபோனேன். வலது பக்கம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு மிட்டாய் இளகி ஒட்டிக் கிடந்தது. காலையில் எடுத்த முதல் மிட்டாயாம். வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

முதலாளி நல்ல மனுஷர். அதுதான் வயிற்றெரிச்சல், திட்டக்கூட முடியவில்லை.

"பக்கத்துல ஒரு ஆள உக்கார வைங்க அண்ணாச்சி, அது போதும்" என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. கூட ஒரு ஆள் போடணும்னா, பெறவு இவ எதுக்கு?"

அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் நான்தான் பக்கத்து ஆள். தக்காளி, சீப்பு, துவைத்த துணி என்று எது கிடைத்தாலும் எடுத்து நீட்டுவாள். கீழே வைக்கப் பழக்கலாம் என்று மேசையைக் காட்டிப் பார்த்தேன். நீட்டிக்கொண்டே நின்றாளே தவிர வைக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வாங்கிக்கொண்டதும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

நேற்று காய்ச்சலில் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. வெயிலில் நின்று, ஒரு வெங்காயத்தைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. எதிர்வீட்டுக்காரி அவளைப் பார்த்தபடியே கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கிக்கொண்டேன். சிரித்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுக்க உள்ளே ஓடினாள்.