வெடிக்காத தோட்டா

மல்லேஸ்வரத்து மருந்துக் கடையில் கம்பவுண்டர் சின்னத் தராசில் பொடியைப் போட்டு, விரல் நுனியால் தட்டித் தட்டி நிறுத்தார். எனக்கு அம்மாவின் விரல்கள் ஞாபகம் வந்தன.

கன்டோன்மென்ட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் மேக்னம் வேட்டை ரைபிளுக்கு அப்பாதான் எங்கள் வீட்டில் வைத்துத் தோட்டா அடைத்துக் கொடுப்பார். வெடிமருந்தின் நெடி சோற்றில்கூட அடிக்கும். அவர் கண்ணில் புரை விழுந்தபோது, வேலை போய்விடுமென்று பயந்து, அம்மா ரகசியமாக வெடிமருந்தை எடைபோட்டு அடைக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பித்தளைத் தோட்டாக் குப்பிகளைத் துடைத்த எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் அது தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது.

ஆனேக்கல் காட்டு வேட்டையில் சிறுத்தை பாய்ந்த அன்று துரையின் தோட்டா வெடிக்கவில்லை. துணைக்குப் போய் அவருக்கு முன்னால் நின்ற என் சித்தப்பாவைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். குப்பிக்குள் மருந்தே இல்லையாம்.

"யார் அடைச்சது?" என்று துரையின் பட்லர் கேட்டார்.

"நான்தாங்க," என்றார் அப்பா. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அப்பாவுக்கு வேலை போயிற்று. சித்தி அவர் முகத்தில் விழிப்பதையே நிறுத்திவிட்டாள். அம்மா மட்டும் தினமும் அவளுக்குச் சோறு கொண்டுபோவாள்.

ஒருநாள் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க அக்கறையில பாதி மாமாவுக்கு இருந்திருந்தா என் புருஷன் செத்திருப்பாராக்கா?"

அம்மா சாகும்வரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சித்தி இன்னும் இருக்கிறாள். நானும் சொல்லவில்லை.