அந்தோனியாருக்குத் துவாய் போர்த்திய கதை

மன்னாரில் ஞாயிறு காலையில் ஓட்டோக்காரன் பிழைப்பது கிறிஸ்தவர்கள் பிரிந்து நிற்பதால்தான். எல்லாரும் ஒரே கோயிலுக்குப் போனால் ஒரு பஸ் போதுமே. என்னைப்போல ஞாயிறும் வண்டி எடுக்கிற பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் விளங்கும்.

துவாய்

என் ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே அந்தோனியார் சுரூபம் ஒட்டியிருக்கிறது. தாழ்வுபாடு ஊர்ப் பிலோமினா அக்கா, ஒரு சபையில் செபித்து முழங்கால் வலி மாறிய கையோடு கத்தோலிக்கத்தை விட்டு, சிலை வணங்காத அந்தச் சபையிலேயே சேர்ந்தவர். சிலை இருக்கிற வண்டியில் ஏறமாட்டேன் என்று றோட்டிலேயே நின்றார். ஹயர் காசு போய்விடுமே என்று முகம் துடைக்கிற துவாயால் அந்தோனியாரை மூடினேன். அக்கா ஏறி, சரியாக இருந்துகொண்டு சொன்னார்: "இன்னும் கொஞ்சம் இழுத்து விடுங்கோ தம்பி, கால் தெரியுது."

பாதர் ஏறினார்

அக்கா இறங்கிய பிறகு துவாயை எடுக்க மறந்துபோனேன். அடுத்ததாக ஏறியவர் எங்கள் பங்குப் பாதர். முன்னால் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூசி படாமல் இருக்க மூடினதாக ஒரு பொய் சொன்னேன். பாதர் இறங்கும்போது சொன்னார்: "அவருக்குத் தூசி பழகியிருக்கும் தம்பி, மூச்சு விடத்தான் கொஞ்சம் இடம் வேணும்."

ஜெர்மனியில் தொடங்கியது

சீர்திருத்தக் கோயிலுக்குப் போகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வழி நெடுக வகுப்பெடுப்பார். பாவமன்னிப்பைக் காசுக்கு விற்றதை ஜெர்மனியில் ஒரு குருவானவர் எதிர்த்தாராம், பிறகு வேதத்தை எல்லாரும் தாங்களே வாசித்தார்களாம், வாசித்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போனார்களாம். அப்படியானால் நீங்களும் வேதத்தை வாசித்தா வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலை விட்டு இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று கேட்டேன். "அங்க ஃபான் சுத்திறேல்ல" என்றார் வாத்தியார்.

கழுதை

பிலோமினா அக்காவின் புருசன் சவிரிமுத்து அண்ணை கத்தோலிக்கர். மாதா படத்தை அக்கா சுவரிலிருந்து கழற்றிய நாள் தொடக்கம் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே வீட்டிலிருந்து எனக்கு இரண்டு ஹயர். சந்தோசம்தான், ஆனாலும் அந்த வாசலில் வண்டியை நிறுத்த மனம் கஷ்டப்படும்.

ஒரு ஞாயிறு அடைமழை. இரண்டு தரம் வரமுடியாது என்று நான் சொல்ல, இருவரும் நனைந்துகொண்டே ஏறினார்கள். அக்கா வருவார் என்று அந்தோனியாரை முதலே மூடியிருந்தேன். "தம்பி, துவாயை எடு" என்றார் அண்ணை. "எடுக்காதேங்கோ தம்பி" என்றார் அக்கா. நான் எதையும் தொடவில்லை.

சந்தியில் கழுதை ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். துவாய் நழுவி விழ, அக்கா "அந்தோனியாரே" என்று கத்திவிட்டார். அண்ணை அத்தனை நாளில் முதல்தரமாக அக்கா பக்கம் திரும்பி, "ஏன், உன்ர கர்த்தரைக் கூப்பிடேல்லையோ?" என்றார். அக்கா துவாயை எட்டி எடுத்து, அண்ணையின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கழுதை வந்த வேகத்துக்கு ஆர் வாயில வாறாரோ அவரைத்தான் கூப்பிடலாம்."

இப்போது இருவரும் ஒரே ஹயரில் போய், அவரவர் கோயிலில் இறங்குகிறார்கள். கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக நானும் செபிக்கிறேன், ஆனால் கொஞ்சம் மெதுவாக.