அய்யாவின் இடது கைக்கு ஒரு சுவிட்ச்

அய்யாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் பாதி போய்விட்டது. அவர் வாயிலிருந்து வருவதில் எங்களுக்குப் புரிந்தது கொஞ்சம்தான். வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஆளை விரட்டிய குரல், ஒரு ஃபேனைப் போடச் சொல்ல வழியில்லாமல் கிடந்தது.

சுவிட்செல்லாம் வாசல் நிலைக்குப் பக்கத்தில், நின்றால்தான் எட்டும். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தால் அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி நான் உள்ளே நுழைந்தபோது அய்யா அப்படித்தான் கிடந்தார். கரண்ட் இருக்கிறது, ஃபேன் தலைக்கு மேலே இருக்கிறது, தலையணை முழுக்க ஈரம். முகத்தைத் துடைத்துவிட்டேன். வியர்வை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் துடைத்தேன். எனக்கு மனசு கஷ்டப்பட்டால் அழுகை வராது, எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலிலேயே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். படுத்தபடியே அய்யா தன் கையால் போடுகிற மாதிரி கட்டிலோரமாக ஒரு சுவிட்ச் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றேன்.

பரமக்குடியிலிருந்து வந்தார். தூசி பறக்கும் என்று கட்டிலைக் கழற்றி வெளியே போட்டு, அய்யாவை ஹாலில் நாற்காலியில் உட்காரவைத்தோம். கட்டில் கிடந்தது கிழக்குச் சுவரை ஒட்டி. எலக்ட்ரீசியன் அந்த இடத்தில் தெற்கே தலைவைத்துத் தரையில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினார்.

“இங்கன எட்டுது பாருங்க. அடிச்சிரவாக்கா?”

“இன்னும் கொஞ்சம் கீழ இருக்கட்டும்ப்பா. சிரமப்படாமப் போடணும்ல” என்றாள் அம்மா.

பென்சிலால் கட்டம் போட்டு, கட்டரை வைத்தார். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இடுப்புயரம்வரை எந்தச் சுவரிலும் உப்புப் பூத்துத்தான் கிடக்கும். உளி பட்ட இடத்தில் கேட்டதற்கு இரண்டு மடங்காகப் பூச்சு உதிர்ந்தது. ஹாலில் அய்யா ஏதோ சத்தம் போட்டார். எட்டிப் பார்த்தேன். இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். தூசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா துண்டை நனைத்து அவர் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியைப் பதித்து, சுற்றிலும் சிமெண்டு பூசி, லைட்டுக்கு ஒன்று ஃபேனுக்கு ஒன்று என்று சுவிட்சை மாட்டிக் கட்டிலையும் உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். அய்யாவைப் படுக்கவைத்தோம்.

“போட்டுப் பாருங்கய்யா” என்றார் எலக்ட்ரீசியன்.

அய்யாவின் இடது கை நெஞ்சைத் தாண்டி வந்து பாதியில் நின்றது. உடம்பு புரளவில்லை. சுவரோரம் கிடந்தது வலது கை. செத்த கை.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்து லைட்டைப் போட்டால் வலது கையால்தான் போட வேண்டும். போட்டுவிட்டு அதற்கு ஒரு கும்பிடும் போட வேண்டும். இடது கையால் தட்டிவிட்டு அம்மாவிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். விளக்கென்றால் வலது கை என்று ஊறிப்போன மூன்று பேர் நின்று இடம் பார்த்திருக்கிறோம். தினமும் அந்தக் கையைத் தூக்கிச் சட்டை மாட்டிவிடுகிற அம்மாவுக்கும் தோன்றவில்லை. ஹாலிலிருந்து அய்யா ஒருவர்தான் கையைக் காட்டிக் கத்தியிருக்கிறார்.

எதிர்ச் சுவரில் பாதி வாசல், பாதி பீரோ. கட்டிலை அங்கே போட வழியில்லை. வயரை இழுத்துத் தொங்கவிடலாம் என்றார் எலக்ட்ரீசியன். தண்ணி சிந்துற கை, வேண்டாம் என்றாள் அம்மா.

“அப்பக் கட்டிலத் திருப்பிப் போடுங்க. இடது கை சுவத்துப் பக்கம் வந்துரும்ல.”

திருப்பினால் தலை வடக்கே வரும்.

“உசுரோட இருக்க மனுசன வடக்க தலவச்சுப் போடச் சொல்றியாப்பா?” என்றாள் அம்மா. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைப் பையில் போட்டார். ஏர்வாடியில் சீரியல் லைட் கட்டுகிற வேலை இருக்கிறது, முடிந்ததும் வந்து வேறு வழி பார்ப்போம் என்று போய்விட்டார்.

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். ஆனாலும் திருப்புவோம் என்று என் வாயில் வரவில்லை.

“திருப்பு.”

அய்யாதான் சொன்னார். படுத்த நாளிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை அவர் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா கேட்காதவள்போல் சிந்திய சிமெண்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மறுபடியும் “திருப்பு” என்று இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்தார். அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அய்யாவுக்கு ஊட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“புடி ஆத்தா, கட்டில.”

திருப்பினோம். அய்யாவைப் படுக்கவைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள். பிறகு, வழக்கமாகக் கட்டிலுக்குக் கீழே விரிக்கிற தன் பாயை எடுத்தாள். தலையணையை வடக்குப் பக்கம் போட்டாள்.

“நீ எதுக்கும்மா இப்பிடிப் படுக்குற?”

“அவுக மட்டும் படுக்கவா? வாரது ரெண்டு பேருக்கும் சேந்தே வரட்டும்.”

படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மத்தியான வெக்கையில் அவள் கழுத்தெல்லாம் வேர்த்து, அதில் சுவர்த் தூசி அப்பியிருந்தது. அய்யா தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் அவருடைய இடது கை சுவரைத் தடவித் தடவிப் போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்தது. முதலில் லைட் எரிந்தது. அதை அணைத்துவிட்டு அடுத்ததைத் தட்டினார். ஃபேன் சுற்றியது.

“எனக்கு ஒண்ணும் வேர்க்கலங்க” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

அய்யா அணைக்கவில்லை.